பங்கே இல்லாதவளிடம் கையெழுத்து எதற்கு?

குமரி மாவட்டத் திருச்சபைகளின் ஆயர்கள், போதகர்கள், பங்குத்தந்தையர், சேகரக் கமிட்டி மற்றும் பங்குப்பேரவை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

எங்கள் சேகரக் கமிட்டி, அதாவது எங்கள் வட்டாரச் சபைகளை நிர்வகிக்கும் குழு, உயில் எழுதாமல் காலமான என் அப்பாவின் சொத்தைப் பற்றிச் சென்ற மாதம் ஒரு தீர்மானம் எழுதியது. அதில் இருப்பது இவ்வளவுதான்: "மகள்கள் இருவருக்கும் திருமணத்தின்போது சீதனம் கொடுத்து முடித்துவிட்டபடியால், பூர்வீக வழக்கப்படி மேற்படி சொத்தில் அவர்களுக்குப் பாத்தியதை இல்லை. குடும்பச் சமாதானத்தை முன்னிட்டு இருவரும் சகோதரருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியது." கீழே செயலரின் கையெழுத்தும் சபை முத்திரையும். விடுதலைப் பத்திரம் என்றால், சொத்தில் தனக்குள்ள உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதிப் பதிவு செய்யும் பத்திரம். நகலைக் கையில் தந்தவர் வாய்மொழியாக இன்னொன்றும் சொன்னார். சகோதரரோடு சமாதானம் ஆகாமல் அடுத்த திருவிருந்துக்கு, அதாவது நற்கருணை ஆராதனைக்கு, வருவது முறையல்லவாம்.

அந்தத் தீர்மானத்தை நான் ஏற்கவில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவதும் இல்லை. இதை எங்கள் கமிட்டிக்கு எழுத்திலேயே கொடுத்துவிட்டேன். பிறகும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதக் காரணம் உண்டு. இது ஏதோ ஒரு சேகரத்தில் ஒரு வீட்டில் நடந்த காரியமல்ல என்பது என் தொழிலால் எனக்குத் தெரியும்.

கல்குளம் தாலுகாவில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பார்க்கிறேன். கிரயம், தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலை எல்லாம் நான் தட்டச்சு செய்துதான் சார்பதிவாளர் மேசைக்குப் போகும். விடுதலைப் பத்திரத்துக்கு வருகிறவர்களை ரோட்டில் வரும்போதே கண்டுகொள்ளலாம். கிரயத்துக்கு வருகிறவர்கள் கணக்குப் பேசிக்கொண்டு வருவார்கள். இவர்கள் பேசாமல் வருவார்கள். அண்ணனோ தம்பியோ பைலும் கையுமாக முன்னால் நடப்பார். அக்கா தங்கைகள் கல்யாண வீட்டுக்கு உடுக்கிற சேலையை உடுத்திக்கொண்டு பின்னால் வருவார்கள். பெரும்பாலும் அன்றைக்குக் காலையில்தான் அவர்களுக்கு விஷயமே சொல்லப்பட்டிருக்கும்.

அப்படி வந்த ஓர் அம்மாவை என்னால் மறக்க முடியவில்லை. அண்டியாபீசில் வருஷக்கணக்காக முந்திரிக்கொட்டை உடைத்த கை. ரேகை எடுக்கிற இயந்திரம் அந்த விரலை ஏற்கவே இல்லை. துடைத்து வைத்தார்கள், எச்சில் தொட்டு வைத்தார்கள், வேறு விரலை வைத்துப் பார்த்தார்கள். தோலெண்ணெய் தின்ற விரலில் ரேகை எங்கே இருக்கும்? எல்லோரும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் என் பக்கம் குனிந்து கேட்டார்: "மக்ளே, இதுல எனக்கு எவ்வளவு வரும்?" நான் வாயைத் திறக்குமுன் அண்ணன்காரர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் பொறவு பேசிக்கலாம், நீ ஒப்பைப் போடு." பத்திரத்தின் கடைசியில் வழக்கமான வரி இருந்தது: யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, முழு மனச் சம்மதத்தோடு எழுதிக் கொடுத்தது.

உங்களிடம் முதலில் கேட்க விரும்புவது இதைத்தான். மகளுக்குப் பங்கே இல்லை என்றால் அவளிடம் விடுதலை எதற்காக எழுதி வாங்குகிறீர்கள்? இல்லாத ஒன்றை எப்படி விட்டுக்கொடுப்பது? தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் என் பெயரும் தங்கை பெயரும் அம்மா பெயரும் அண்ணன் பெயருக்குச் சமமாக நிற்கிறது. கடன் கொடுக்கிற வங்கி அதைப் பார்க்கும். வாங்க வருகிறவரின் வக்கீல் அதைப் பார்ப்பார். உங்கள் தீர்மானத்தை அவர்கள் ஒரு காசுக்கு மதிக்கமாட்டார்கள் என்று அண்ணனுக்குத் தெரியும். அதனால்தான் என் கையெழுத்து தேவைப்படுகிறது. பங்கு உண்டு என்பதற்கு நீங்கள் கேட்கிற அந்தப் பத்திரமே சாட்சி.

இனி "பூர்வீக வழக்கம்" என்பதற்கு வருகிறேன். அது அவ்வளவு பூர்வீகமானதல்ல. அதற்கு ஆண்டு உண்டு: 1916. நம் ஊர்கள் திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தபோது வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் அது. மகன் இருந்தால் சொத்து மகனுக்கு. மகளுக்குச் சீதனம் மட்டும். அந்தச் சீதனமும் மகனின் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. விதவைக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை, அதுவும் மறுமணம் செய்தால் போய்விடும். ஆணும் பெண்ணும் சமமாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் உடைய லத்தீன் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் பிரிவினர் சிலருக்கு அந்தச் சட்டமே விலக்கு கொடுத்திருந்தது என்பதையும் கவனியுங்கள். சமபங்கும் இந்த மண்ணில் ஒரு வழக்கமாக இருந்தது என்பது 1916-இல் சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. கமிட்டிகளுக்கு மட்டும் ஏனோ ஒரு வழக்கம்தான் நினைவில் நிற்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1951 ஏப்ரல் 1 முதல், பழைய சமஸ்தானப் பகுதிகளுக்கும் மத்தியச் சட்டங்கள் விரிவாக்கப்பட்டன. அவற்றில் ஒன்று 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அப்படியானால் 1916 சட்டம் செத்ததா, உயிரோடிருக்கிறதா என்ற சந்தேகம் பல ஆண்டு ஓடியது. 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டதால் அந்தச் சந்தேகம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 1970-களில் அங்கே ஒரு நீதிபதி பழைய சட்டம் போய்விட்டது என்றார். சில ஆண்டுகளில் இரு நீதிபதிகள் அமர்வு இல்லை, இருக்கிறது என்று அதை மாற்றியது. இடைப்பட்ட காலத்தில் அப்பன் செத்த வீட்டு மகள்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். அதே வீடு, அதே விளை, அதே தகப்பன். பங்கு உண்டா இல்லையா என்பது எந்த ஆண்டில் எந்த நீதிபதி முன் வழக்கு வந்தது என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டிருந்தது.

அந்தக் குழப்பத்தை முடித்து வைத்தது கோட்டயத்து மேரி ராய் தொடுத்த வழக்கு. 1986 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பகவதியும் பாடக்கும் சொன்ன தீர்ப்பு: 1951 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு திருவிதாங்கூர்ச் சட்டம் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்தவர் எவரானாலும் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படிதான் பங்கு. பழைய சட்டம் ஆண் பெண் சமத்துவத்துக்கு விரோதமா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. அதற்குத் தேவையும் வரவில்லை. நீதிமன்றம் அன்று புதிதாக எந்த உரிமையையும் கொடுக்கவில்லை, 1951-லிருந்து இருந்த உரிமையை இருக்கிறது என்று சொன்னது. உச்ச நீதிமன்றம் அறிவித்த சட்டம் நாட்டிலுள்ள எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசியல் சாசனத்தின் 141-ஆவது பிரிவு. குழித்துறை, பத்மநாபபுரம், இரணியல், நாகர்கோவில் நீதிமன்றங்கள் அத்தனைக்கும் அது பொருந்தும். ஜெப அறைக்குப் பக்கத்து அறையில் கூடும் கமிட்டி மட்டும் அதற்கு வெளியே நிற்கிறதா?

எங்கள் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அப்பா பெயரில் வீடு நிற்கும் இடமும் அதை ஒட்டிய தென்னை விளையும் சேர்த்து 90 சென்ட். உயில் இல்லை. சட்டப்படி மூன்றில் ஒரு பாகம், 30 சென்ட், அம்மாவுக்கு. அது ஆயுள் உரிமையல்ல, முழு உரிமை. மிச்சம் 60 சென்ட் பிள்ளைகள் மூவருக்கும் சமமாக, ஆளுக்கு 20. உங்களில் யாரும் எங்கள் தீர்மானத்தை வாசித்தால் ஒன்றைக் கவனிப்பீர்கள்: அதில் அம்மாவின் பெயரே இல்லை. மகள்களின் 40 சென்டைப் பற்றிப் பேச உட்கார்ந்தவர்கள், உயிரோடிருக்கும் விதவையின் 30 சென்டைப் பேசாமலேயே அண்ணனுக்குச் சேர்த்துவிட்டார்கள். அம்மா இப்போது இருப்பது கருங்கல் பக்கம் தங்கை வீட்டில்.

"சீதனம் கொடுத்தாச்சே" என்கிறீர்கள். இந்தப் பேச்சை நான் பத்திர எழுத்தர் அலுவலகத்தில் கேட்காத வாரம் இல்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 49-ஆவது பிரிவைத் தயவுசெய்து ஒரு வக்கீலிடம் கேட்டு வாசியுங்கள். உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் பிள்ளை பங்கு கேட்கும்போது, அவர் உயிரோடிருந்த காலத்தில் அந்தப் பிள்ளையின் முன்னேற்றத்துக்காகக் கொடுத்த பணத்தையோ சொத்தையோ அந்தப் பங்கில் கணக்குப் பார்க்கக் கூடாது என்று அது நேரடியாகச் சொல்கிறது. அண்ணனுக்கு மார்த்தாண்டத்தில் கடை வைக்க அப்பா கொடுத்த பணத்தையும் அந்தப் பிரிவு கழிக்க விடாது, எனக்குப் போட்ட நகையையும் கழிக்க விடாது. நியாயம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். இன்னொன்றும் உண்டு. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961 முதல் குற்றம். அந்தக் குற்றம் நடந்து முடிந்ததைச் சபை முத்திரையோடு எழுதி வைத்து, அதையே பங்கு மறுக்கக் காரணமாகவும் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

அண்ணன் பக்கம் சொல்ல ஒன்றுமே இல்லை என்று நான் வாதாடவில்லை. அப்பாவின் கடைசிக் காலத்து ஆஸ்பத்திரிச் செலவில் பெரும் பாகம் அவர் கைப்பணம். அதைப் பேசலாம், பில்லை வைத்துக் கணக்குப் போடலாம், அவருக்குச் சேர வேண்டியதைப் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். ஒரு சகோதரி எல்லாம் தெரிந்து, தன் விருப்பத்தோடு, தம்பி கஷ்டப்படுகிறான் என்று விட்டுக்கொடுத்தால் அதைத் தடுக்கச் சட்டத்துக்கும் வேலையில்லை, எனக்கும் வேலையில்லை. அப்பா நினைத்திருந்தால் முழுவதையும் அண்ணனுக்கே உயில் எழுதியிருக்கலாம், சட்டம் விட்டிருக்கும். அவர் எழுதவில்லை. அதுவும் அவர் எடுத்த முடிவுதான். அவர் எழுதாத உயிலைக் கமிட்டி எழுதக் கூடாது.

கடமை என்று வரும்போது எங்களை நீங்கள் மறப்பதில்லை. அம்மாவை மகள் பார்த்துக்கொள்கிறாள் என்றால் "பெண்பிள்ளை பாசம்" என்று பிரசங்கத்தில் புகழ்கிறீர்கள். அது பாசம் மட்டுமல்ல, சட்டக் கடமையும்தான். மணமான மகளும் பெற்றோருக்கு ஜீவனாம்சம் கொடுக்கக் கடமைப்பட்டவள் என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2007-இல் வந்த மூத்த குடிமக்கள் சட்டமும் மகன், மகள் என்று பிரிக்கவில்லை. சோறு போடும் பொறுப்பில் மகளைச் சேர்த்துக்கொண்டு, விளையைப் பிரிக்கும்போது மட்டும் அவள் வேறு வீட்டுக்காரி என்றால் எப்படி?

1859-இல் நாடார் பெண்கள் மேலுடை அணியும் உரிமையை ஏற்றுத் திருவிதாங்கூர் அரசின் பிரகடனம் வந்ததில் நம் சபைகளுக்கு இருந்த பங்கைப் பற்றி நான் சிறுபிள்ளையிலிருந்து கேட்டு வளர்ந்தவள். பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் 1986 தீர்ப்பைப் பற்றி ஒரு பிரசங்கத்திலோ, ஒரு பெண்கள் ஐக்கியக் கூட்டத்திலோ, ஒரு கன்வென்ஷனிலோ ஒரு வாக்கியமும் என் காதில் விழுந்ததில்லை. தீர்ப்புகள் உங்களுக்கு எட்டுவதில்லை என்றும் சொல்ல முடியாது. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் தர்ம காரியத்துக்கோ சமய காரியத்துக்கோ உயில் எழுதினால், இறப்பதற்கு 12 மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும் என்று அதே இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆவது பிரிவில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கேரளத்துக் குருவானவர் ஒருவர் போட்ட வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அப்போது யாரும் பூர்வீக வழக்கத்தைத் தேடிப் போகவில்லை. ஒரே சட்டம், ஒரே நீதிமன்றம். சபைக்குச் சொத்து வரும் வழியைத் திறந்த தீர்ப்பு செல்லும், மகளுக்குச் சொத்து வரும் வழியைத் திறந்த தீர்ப்பு செல்லாதா?

வேதம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: மோசேயிடம் தகப்பன் சொத்தைக் கேட்டுப் பெற்ற செலோப்பியாத்தின் குமாரத்திகளை நான் துணைக்கு அழைக்கவில்லை. அது ஆண்பிள்ளை இல்லாத வீடு என்று உடனே சொல்வீர்கள். யோபு 42-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஏழு மகன்கள் இருந்த வீட்டில் அவர் மூன்று மகள்களுக்கும் சகோதரர்கள் நடுவே சுதந்தரம், அதாவது சொத்தில் பங்கு, கொடுத்தார்.

நம் அக்கம்பக்கத்து இந்துச் சகோதரிகளின் கதையும் பெரிதாக மாறுபட்டதல்ல. 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டம், 2005-இல் மத்தியச் சட்டம், மகள் பிறப்பாலேயே பங்குதாரர், 2005-இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அத்தனைக்கும் பிறகு அதே சேலை, அதே பைல், அதே விடுதலைப் பத்திரம். அதைச் சொல்லவேண்டியவர்கள் வேறு. நான் என் சபையிடம் பேசுகிறேன்.

கமிட்டிகளின் அதிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருச்சபை நீதிமன்றம் கொடுக்கும் விவாகரத்துக்கே சட்டத்தில் மதிப்பில்லை என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சேகரக் கமிட்டியின் சொத்துத் தீர்மானம் எங்கே நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் எங்கள் ஊரில் ஒரு விதவையோ, கணவன் வெளிநாட்டில் இருக்கும் ஒருத்தியோ, நாளை மகளின் திருமண அறிவிப்பான ஓலையைச் சபையில் வாசிக்க வைக்க வேண்டியவளோ அந்தத் தாளைக் கண்டு பயப்படுவாள். பயந்து போடும் கையெழுத்து சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானதும் சட்டத்தின் பலம் பெற்றுவிடுகிறது. மிரட்டியோ மனதை நெருக்கியோ வாங்கியது என்று பிறகு ரத்துக் கேட்கலாம்தான். ஆனால் அதற்கு மூன்று ஆண்டுக் கெடு உண்டு, நிரூபிக்கும் பாரமும் அவள் தலையில். கல்யாணத்துக்கு முன்பே தகப்பன் உயிரோடிருக்கும்போது எழுதி வாங்கும் தாள் வேறு வகை. வாரிசாக வரக்கூடும் என்ற வெறும் எதிர்பார்ப்பைக் கைமாற்ற முடியாது என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு. ஆனாலும் ஈடாகப் பணம் வாங்கியிருந்தால் பிறகு உரிமை கேட்பதை நீதிமன்றங்கள் தடுத்ததும் உண்டு. இதெல்லாம் ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து கேட்க வேண்டியவை. கமிட்டி மேசையில், காபி ஆறுவதற்குள், ஆறேழு ஆண்கள் முன்னிலையில் முடிக்க வேண்டியவை அல்ல.

ஆகவே நான் கேட்பவை.

எங்கள் சேகரக் கமிட்டி அந்தத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே ரத்து செய்து, ரத்து செய்த தீர்மானத்தின் நகலை எனக்கும் தங்கைக்கும் அம்மாவுக்கும் தர வேண்டும். திருவிருந்து பற்றி வாய்மொழியாகச் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும். அதை எழுத்தில் தர வேண்டும், வாயால் சொன்னதை வாயால் திருத்தினால் போதாது.

ஆயர்கள் தங்கள் சபைகள் எல்லாவற்றுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்: யாருக்குப் பங்கு உண்டு, யாருக்கு இல்லை என்று எந்தக் கமிட்டியும் பங்குப்பேரவையும் தீர்மானம் போடக் கூடாது. சொத்துத் தகராறைக் காரணம் காட்டித் திருவிருந்து, ஓலை வாசிப்பு, ஞானஸ்நானம், அடக்கம் எதையும் யாருக்கும் நிறுத்தக் கூடாது. இரு தரப்பும் விரும்பிச் சமரசம் பேசக் கேட்டால் பேசலாம். ஆனால் பேச்சு தொடங்குமுன் ஒவ்வொருவருக்கும் சட்டப்படி எவ்வளவு வரும் என்பதைத் தாளில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும், வக்கீலைப் பார்க்க அவகாசமும் தர வேண்டும். அந்த மேசையில் பெண்களும் உட்கார வேண்டும்.

திருமணத்துக்கு முந்தைய தயாரிப்பு வகுப்பில் வாரிசுரிமைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்டால் வக்கீல் அனுப்புவார்கள். பெண் என்றால் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம் என்பதை ஒவ்வொரு சபை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். கூடவே 1986 தீர்ப்பின் சாரத்தையும் 49-ஆவது பிரிவையும் எளிய தமிழில் ஒரே பக்கத்தில் அச்சடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் எல்லாச் சபைகளிலும் வாசியுங்கள். ஏலக் காணிக்கைக் கணக்கு வாசிக்கிற நேரத்தைவிட அதற்கு அதிகம் பிடிக்காது.

அண்ணனுக்கும் இந்த மடலின் நகலைக் கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு 30, அவருக்கு 20, எனக்கு 20, தங்கைக்கு 20 என்று நில அளவையர் கல் போடச் சம்மதமென்றால், ஆஸ்பத்திரிக் கணக்கை முதலில் தீர்த்துவிட்டு, பாகப்பிரிவினைப் பத்திரத்தை நானே தட்டச்சு செய்து தருகிறேன். சம்மதமில்லை என்றால் பாகம் கேட்டு நீதிமன்றம் போவேன். அப்படிப் போகும்போது கமிட்டியின் தீர்மானமும் ஆவணமாகத் தாக்கலாகும். அதற்குமுன் உங்கள் பதில் எழுத்தில் வர வேண்டும்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினள் ஒருத்தி,
கல்குளம் தாலுகா